கல்லூரி நாடகமும் ஒத்திகையும்

இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழுள் நாடகத்தமிழே தன் இலக்கண நூல்களைப் பெரிதும் இழந்து நிற்பது என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. நூல்கள் மறைந்தன, நாடகம் மறைந்திலது. ஆண்டு விழா, விடுதி நாள், கிறிஸ்து பிறப்புப் பெருநாள், கல்லூரிகளுக்கிடையே நிகழும் போட்டி என்று ஓராண்டில் நான்கைந்து முறையேனும் நம் மாணாக்கர் அரிதாரம் பூசி மேடையேறுகின்றனர். அவருட் பலர்க்கு அதுவே தம் வாழ்நாளில் முதன்முறையாகப் பலர் முன்னிலையில் வாய் திறந்து பேசும் இடமாகும். ஆதலின், நாடகத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் தகாது. அதனை நாம் எவ்வாறு பயிற்றுகின்றோம் என்பது பற்றிச் சில சொற்கள் கூறத் துணிகின்றேன். யான் நடிகனல்லேன். பக்கத்திரையின் மறைவில் ஏட்டைப் பிடித்து நின்று, மறந்தார்க்கு அடியெடுத்துக் கொடுப்பவன். மேடைமேல் நிற்பாரும் எதிரே அமர்ந்திருப்பாரும் காணாத சில காட்சிகள் அவ்விடத்தில் நிற்பார்க்குத் தெரியும் என்பதொன்றே இதனை எழுதுதற்கு எனக்குள்ள தகுதி.

நம்மிடையே ஒத்திகை என்பது உருப்போட்டதை ஒப்பித்தலாகவே முடிந்துவிடுகின்றது. விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பாடம் பகுத்துக் கொடுக்கப்படுகின்றது. முதல் வாரம் மனப்பாடத்திற் கழிகின்றது. இரண்டாம் வாரம், யார் எப்பக்கத்திலிருந்து வருவது, எப்பக்கமாகப் போவது, ஒலிவாங்கி எங்கே நிற்பது, அரசனுக்கு உடை எவர் வீட்டிலிருந்து வாங்குவது என்பவற்றிற் கழிகின்றது. பாத்திரத்தின் உள்ளத்தைப் பற்றிப் பேச்செழுந்தாலோ, 'இன்னும் உணர்ச்சி வேண்டும்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பிறப்பதில்லை. உணர்ச்சி வேண்டுமென்று கேட்ட மாணவன் குரலை உயர்த்துகின்றான். மறுபடியும் வேண்டுமென்றால் இன்னும் உயர்த்துகின்றான். மூன்றாம் நாள் அவனுக்குத் தொண்டை கட்டிவிடுகின்றது. அன்று அவன் தாழ்ந்த குரலிற் பேசுவது நன்றாயிருக்கின்றது என்று எவரும் கண்டுகொள்வதில்லை! இக்காலத்தார் ஒத்திகையைக் கைப்பேசியிற் படம்பிடித்துத் தாமே பார்த்துக்கொள்ளுகின்றனர். அது நன்றே. எனினும், கை எங்கே நின்றது, முதுகு எவ்வாறு கூனியது என்பவற்றைக் காட்டும் அக்கருவி, அக்கணத்தில் அப்பாத்திரம் எதனை நினைந்தது என்பதைக் காட்டமாட்டாது. அதனைக் கேட்டறிதற்கு மற்றொரு மனிதன் வேண்டும்.

அம்மற்றொரு மனிதன்தான் நமக்குக் கிடைப்பதரிது. ஒத்திகை பார்க்க வருவார் இருவகையினர். ஒரு சாரார் நண்பர்கள். அவர்கள் எல்லாம் அருமை என்பர். மற்றொரு சாரார் நகைக்க வருவோர். இவ்விரண்டாம் வகையினரால் விளைந்த கேடொன்றை அறிவேன். கரிசற்காட்டுச் சிற்றூரொன்றிலிருந்து முதலாண்டு வகுப்பிற் சேர்ந்த மாணவரொருவர், எங்கள் விடுதியார் நடிக்கவிருந்த நாடகத்திற் பங்குகொள்ள விழைந்து வந்தார். நினைவாற்றலும் கணீரென்ற குரலும் உடையவர். அவர் முதல் நாளே செந்தமிழ் வசனத்தினிடையே 'அங்கிட்டு' என்று ஒரு சொல்லைத் தம்மை அறியாது சொல்லிவிட்டார். அவ்வளவே. அன்று முதல் அவரை 'அங்கிட்டு' என்றே சிலர் அழைக்கலாயினர். அவர் நான்காம் நாள் ஒத்திகைக்கு வரவில்லை. அவரைத் தேடிச் சென்று அழைத்து வந்ததும், அதன்பின் நிகழ்ந்ததும் பின்னர்க் கூறுவேன். ஒரு சொல்லைத் திருத்துவது வேறு, ஒருவரைத் திருத்துவதாக எண்ணி அவர் நாவைக் கட்டிவிடுவது வேறு. விமரிசனம் என்ற பெயரால் நம்மிடையே நடைபெறுவதிற் பெரும்பகுதி இப்பின்னதே என்பது என் துணிபு.

ஒரு பாத்திரத்துட் புகுதல் என்றால் என்னவென்பதற்கு எடுத்துக்காட்டுத் தேடி யான் வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. என் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். யான் பிறந்தது கிறிஸ்தவக் குடி. எனினும், அக்கோயிலை விலக்கிவிட்டு எங்கள் ஊர்த் தமிழை அறிதல் எவர்க்கும் இயலாது. பெரியாழ்வார் ஓர் ஆடவர். நந்தவனம் வைத்து மாலை கட்டி வாழ்ந்தவர். அவர் தம் பாடல்களில் யசோதையாகின்றார். குழந்தையை நீராட அழைக்கின்றார், பூச்சூட்டுகின்றார், அதன் குறும்புக்கு அண்டை வீட்டாரிடம் முறைப்பாடு கேட்கின்றார். அவர் வளர்த்த மகளாரோ தம்மை ஓர் ஆயர் சிறுமியாகவும், தாம் வாழ்ந்த ஊரை ஆயர்பாடியாகவும் பாவித்துத் திருப்பாவை பாடினார். அந்நூலுக்கு உரை கண்ட வைணவப் பெரியோர், அவர் ஆயர் பெண்டிரின் நடையையும் பேச்சையும் கொண்டதோடு நில்லாது, பாலும் தயிரும் அளைவாரிடத்து வீசும் மணமும் அவரிடத்து வீசிற்று என்னும் அளவுக்குச் சொல்லுகின்றனர். பக்தியின் பெருக்கைக் கூறவந்த சொல் அது. நாடக மாணவன் அதனைத் தன் பாடமாகவும் கொள்ளலாம். உடையை மாற்றினால் ஆய்ச்சியாகிவிடலாம் என்று அவர்கள் எண்ணவில்லை. நடை, பேச்சு, மணம் என்று, விடியற்காலையிற் கன்றவிழ்த்துக் கறந்தெழும் ஒரு வாழ்க்கையையே உள்ளே கொண்டுவந்து வைக்கின்றனர்.

அக்கோயிலில் இன்றும் அரையர் சேவை என்றொன்று உண்டு. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய மிகச் சில தலங்களிலேயே அது நிலைத்துள்ளது. கூம்பிய உயர்ந்த குல்லாய் அணிந்து, கையிற் தாளம் ஏந்தி, அரையர் பாசுரத்தை இசைத்து, அதற்கு அபிநயம் பிடித்து, உரையும் சொல்லுவார். தந்தையிடமிருந்து மைந்தன் பயிலும் கலை அது. அதனுள் முத்துக்குறி என்றொரு பகுதி. தலைவனை நினைந்து மெலிந்த மகள், அவளைக் கண்டு கலங்கும் தாய், முத்துப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சி என்னும் மூவரையும் ஒருவரே நமக்குக் காட்டுகின்றார். திரையில்லை; காட்சியமைப்பில்லை. தாய் எங்கே முடிந்து கட்டுவிச்சி எங்கே தொடங்குகின்றாள் என்பது பார்ப்பார்க்கு ஐயமின்றித் தெரியவேண்டும். நம் மேடையில் மூன்று மாணவர் மூன்று உடையில் வந்தும், யார் தாய் யார் மகள் என்பது ஒலிபெருக்கியில் அறிவித்த பின்னரே விளங்குகின்றது! குறி கேட்கும் இவ்வமைப்பைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எடுத்து, 1800ஆம் ஆண்டளவில் பெத்லகேம் குறவஞ்சி இயற்றினார் என்பதும் நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது. கோயிற் கலை வேறு, சபைக் கலை வேறு என்று அவர் எண்ணிக் கைவிட்டிருப்பின் நமக்கு அந்நூல் கிடைத்திராது.

இனி, 'இன்னும் உணர்ச்சி வேண்டும்' என்ற சொல்லுக்கு மாற்று யாது என்பதைக் காண்போம். அதற்குரிய கருவி நம் கையிலேயே இருக்கின்றது. தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் தேர்வுக்காக உருப்போட்டுவிட்டு மறந்துவிடும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலே அது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. இவ்வளவோடு ஆசிரியர் நின்றிருந்தால் அஃது எட்டு முகங்களின் பட்டியலாயிருக்கும். அவர் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் கூறினார். அழுகை என்றால் எந்த அழுகை? பிறரால் இகழப்பட்டதால் வந்ததா, உயிரையோ பொருளையோ இழந்ததால் வந்ததா, முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வந்ததா, வறுமையால் வந்ததா? இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று அவற்றுக்குப் பெயரும் இட்டார். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. வெகுளிக்கு உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல் என்பன. இவற்றிடத்து ஒன்றை நோக்குக. கண் சிவக்கும், புருவம் நெரியும் என்று முகத்தை வருணிக்கப் புகவில்லை அவர். எதனால் வந்தது என்பதையே முதற்கண் வகுத்தார். காரணம் பிடிபட்டால் முகம் தானே வரும் என்பது அவர் கருத்தாயிற்றோ என்று எண்ணத் தோன்றுகின்றது. ஐரோப்பிய நாடக அறிஞர் சென்ற நூற்றாண்டில் மிக முயன்று கண்ட ஒன்று ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம்மிடம் இருந்தது என்று முழங்குதல் என் நோக்கமன்று. அவ்வகை முழக்கத்தால் நம் நாடகம் ஓரடியும் முன்னேறியதில்லை. ஒத்திகையில் அமர்ந்திருப்பவன் கையில் கேட்கத் தகுந்த கேள்வியொன்றை அந்நூல் கொடுக்கின்றது, அது போதும்.

அக்கேள்வி எவ்வாறு தொழிற்படும் என்பதை எங்கள் விடுதி நாடகத்தைக் கொண்டே கூறுவேன். தவக்காலத்தில் நடிப்பதற்காகப் பேதுரு தம் ஆண்டவரை மூன்று முறை மறுதலித்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டிருந்தோம். 'அங்கிட்டு' மாணவரே பேதுரு. முதல் ஒத்திகைகளில் அவர் வேலைக்காரியைக் கண்டு நடுங்கினார்; இரண்டாமவனைக் கண்டு அதிகம் நடுங்கினார்; மூன்றாமவனைக் கண்டு மிக அதிகம் நடுங்கினார்; சேவல் கூவியதும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார். பார்த்தவர் கைதட்டினர். எங்கள் தமிழாசிரியர் கைதட்டவில்லை. அவர் மேடையேறி நடித்துக்காட்டவும் இல்லை. "தம்பி, இது எந்த அச்சம்?" என்று மட்டும் கேட்டார். மாணவர் விழித்தார். பேயும் இல்லை, புலியும் இல்லை, திருடனும் இல்லை. "பெரியவங்களுக்குப் பயம், ஐயா. அரண்மனைக்காரங்க" என்றார். இறை என்னும் அச்சம் அது. அரண்மனைக்காரர்க்கு அஞ்சுவோன் அவர்கள் முற்றத்திலேயே உட்கார்ந்து குளிர்காய்வானேன்? இக்கேள்விக்கு அன்று ஒருவரும் விடை கூறவில்லை. மறுநாள் நால்வரும் சுவிசேஷங்களைப் புரட்டிக்கொண்டு வந்தனர்.

நால்வரும் நான்கு செய்தி கொணர்ந்தனர். மூன்றாவதாகக் கேட்டவன், பேதுரு தோட்டத்திற் காதறுத்த மல்குஸ் என்பவனுக்கு இனத்தான் என்று யோவான் எழுதிய சுவிசேஷம் கூறுவதைக் காட்டினார் ஒருவர். "அண்ணே, அப்ப அவன் சும்மாவா கேட்டிருப்பான்!" என்று பேதுருவாக நடித்தவரே வியந்தார். உறுப்பறையால் வந்த வெகுளி என்று தொல்காப்பியர் வகுத்தது அச்சொட்டாக அங்கே நின்றது. அதுகாறும் வாயிற்காவலனைப் போல் வசனம் ஒப்பித்துக்கொண்டிருந்த மூன்றாமவனுக்கு அன்று ஓர் உள்ளம் கிடைத்தது. அவன் பேதுருவின் முகத்தைப் பார்ப்பதை விட்டு, அவர் கையைப் பார்க்கலானான். வாள் பிடித்த கையன்றோ அது! பேதுருவும் கையைத் தீயில் காய்ச்சுவதை நிறுத்தி மேலாடைக்குள் இழுத்துக்கொண்டார். இதனை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மற்றொருவர் கொணர்ந்த செய்தி இன்னும் அரியது. பேதுருவின் பேச்சே அவரைக் காட்டிக்கொடுக்கின்றது என்று அங்கு நின்றவர் சொன்னதாக மத்தேயு எழுதுகின்றார். கலிலேயா நாட்டு மீன்பிடிகாரர் எருசலேமின் பெரிய வீட்டு முற்றத்தில் தம் ஊர்ப் பேச்சினால் அகப்பட்டுக்கொள்ளுகின்றார்! எங்கள் பேதுரு சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, முதல் மறுப்பைச் செந்தமிழிலும், இரண்டாவதைச் சற்றுக் குழறியும், மூன்றாவதைத் தம் ஊர்ப் பேச்சிலுமே சொல்லிப் பார்க்கட்டுமா என்று அவரே கேட்டார். அன்று மாலை அவ்வாறு சொல்லியபோது நகைப்பதற்கென்றே வந்திருந்தவரும் நகைக்கவில்லை. அழுகையைப் பற்றியும் வழக்கு எழுந்தது. ஆசிரியரை இழக்கப்போகின்றமையால் இழவு என்றார் ஒருவர். எல்லோரும் உம்மை விட்டாலும் யான் விடேன் என்று அன்றிரவே உறுதி கூறிய நிலையிலிருந்து தாழ்ந்தமையால் அசைவே என்றார் மற்றொருவர். நடித்தவர் இரண்டாவதையே கொண்டார். அசைவால் அழுபவன் ஓவென்று அழமாட்டான், பிறர் காணாத இடம் தேடுவான் என்று சொல்லி, சேவல் கூவியதும் பார்ப்போர்க்கு முதுகைக் காட்டி வெளியேறினார். அதற்கு முன், இயேசுநாதர் திரும்பி அவரை நோக்கியதாக லூக்கா கூறும் அந்த ஒரு நோக்குக்கு நாங்கள் ஒரு முழு மாலையைச் செலவிட்டோம். அது வீண்செலவு என்று யான் கருதவில்லை, சிலர் கருதினர்.

இங்ஙனம் கேள்வி கேட்டுப் பயிற்றுதல் நம் மரபன்று, வாத்தியார் நடித்துக்காட்ட மாணாக்கர் பார்த்துச் செய்தலே நம் மரபு என்பார் உளர். பாய்ஸ் கம்பெனிகளின் வரலாற்றை அவர்கள் மேற்கோள் காட்டுவர். அவ்வரலாறு மேலோட்டமாகப் பார்ப்பார்க்கே அவ்வாறு தோன்றும். சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியிற் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். 1918இல் மதுரையிற் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அவர் ஆசிரியராயிருந்து பயிற்றிய சிறுவருள் ஒருவர் தி. க. சண்முகம். அப்போது அவர்க்கு ஆறு வயது. அச்சிறுவருக்கென்றே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகில் நன்கறிந்த செய்தி. விரைவை வியந்து பேசுவோர் பலர். எனக்கு வியப்பாயிருப்பது மற்றொன்று. சிறுவனின் குரல், உயரம், துடுக்கு, நினைவாற்றல் இவையனைத்தையும் முன்னரே கண்டு வைத்திருந்தாலன்றி ஓரிரவில் அவனுக்கு ஏற்ற நாடகம் எழுதுதல் எவ்வாறு கூடும்? நடிகனை இமையாது நோக்கியிருந்த ஓர் ஆசிரியரின் செயல் அது. 1891இல் சென்னையிற் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியாரும், தம் சபையார் ஒவ்வொருவரின் இயல்பையும் அறிந்து பாத்திரங்களை அமைத்தமையைத் தம் நாடக மேடை நினைவுகளில் விரிவாகச் சொல்லுகின்றார். வழக்கறிஞரும் அலுவலருமாகிய அச்சபையார், பகலெல்லாம் தத்தம் தொழில் செய்து மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள். நமக்குக் கல்லூரி மணி அடித்தபின் நேரமில்லை என்று கூறுதல் அவர்கள் முன் நிற்காது. ஆறு வயதில் மேடையேறிய அந்தச் சண்முகமே முப்பது வயதையொட்டிய இளமையில் ஒளவை மூதாட்டியாக நடித்து அப்பெயரையே தம் பெயரோடு பெற்றார். நடித்துக்காட்டியதைப் பார்த்துச் செய்தவர்க்கு வாத்தியாரின் சாயல் வரும். ஒளவையின் முதுமை வருமோ?

நடித்துக்காட்டுதல் முற்றும் தீது என்று யான் சொல்லவில்லை. கால் எங்கே வைப்பது, வாளை எவ்வாறு உருவுவது என்பவற்றைக் காட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் துயரத்தைக் காட்டிக் கொடுத்தால் எட்டுப் பேரும் ஒரே துயரத்தைத் துயருறுவர். நம் மேடையில் கோவலனும் அரிச்சந்திரனும் தாவீதும் ஒரே கையை ஒரே நெற்றியில் வைத்துக்கொள்ளும் காரணம் இதுவே.

மற்றொரு மறுப்பும் உண்டு. அது வலிமையுடையது. எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கும். ராஜபார்ட் ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோரூரிலிருந்தும், பபூன் மூன்றாமூரிலிருந்தும் வருவர். ஆர்மோனியக்காரரும் அன்றுதான் அவர்களைச் சந்திப்பார். ஒத்திகை என்பதே இல்லை. இரவு பத்துமணியளவிற் தொடங்கி விடியும்வரை வள்ளி திருமணம் நடைபெறும். ஊரே விழித்திருந்து பார்க்கும். ஒத்திகையின்றி அவர்கள் இவ்வளவு செய்ய, ஒத்திகை ஒத்திகை என்று நீ கூவுவானேன் என்று என் தோழர் ஒருவர் கேட்டார். கூர்ந்து பார்க்குமிடத்து, அவர்கள் ஒத்திகை இல்லாதவரல்லர். ஒத்திகையை மேடைமேலேயே செய்பவர். ஆண்டுதோறும் எத்தனையோ இரவுகள் அதே வள்ளியாக நின்ற ஒருவர்க்கு அப்பாத்திரம் உடலில் ஊறிவிட்டது. அஃதன்றியும், தர்க்கம் என்னும் அப்பகுதியை நோக்குக. எதிரே நிற்பவர் எதிர்பாராத கேள்வியைத் தொடுப்பார். வள்ளியாகவே நின்று, வள்ளிக்குரிய அறிவும் துடுக்கும் குன்றாது, அக்கணமே விடை இறுத்தாகவேண்டும். விடை வழுக்கினால் ஊர் சிரித்துவிடும். இதனினும் கடிய சோதனையை எந்தக் கல்லூரி நாடகாசிரியர் வைக்கின்றார்? பாத்திரத்தைக் கேள்வியால் ஆழப்படுத்துதல் நமக்குப் புதிது என்பார்க்கு விடை பங்குனி வைகாசித் திருவிழாக்களிலேயே இருக்கின்றது. நம்முடைய மாணவன் நூறு இரவு நடிக்கப்போவதில்லை, அவனுக்கு ஓரிரவே. ஆகவே அத்தர்க்கத்தை மேடைக்கு முன்னரே, ஒத்திகை அறையில் அவனுக்கு அமைத்துக் கொடுத்தல் வேண்டும். நாடகத்தில் இல்லாத கேள்விகளைக் கேட்கலாம். பேதுருவே, உன் வலையை யாரிடம் விட்டுவந்தாய்? உன் மாமியாரின் காய்ச்சல் தணிந்ததை அத்தீயண்டை நினைத்தாயா? அவ்விடைகள் நாடகத்தில் ஒரு வரியும் இடம் பெறா. எனினும் வரிகளுக்கிடையே நிற்கும் மௌனத்தை அவை நிரப்பும்.

விமரிசனம் செய்வார்க்கும் ஒரு பயிற்சி வேண்டும். மாஸ்கோ நாடகக் கலைக்கூடத்தை 1898இல் நெமிரோவிச் தான்சென்கோவுடன் சேர்ந்து நிறுவிய ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, நடிகர் பயிற்சி பற்றித் தாம் எழுதி 1936இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலை ஒரு மாணவனின் நாட்குறிப்பு வடிவில் அமைத்தார். அம்மாணவன் முதன்முதல் ஒதெல்லோவாக நடிக்கக் கருதித் தன் அறையில் கோகோப் பொடியையும் வெண்ணெயையும் குழைத்து முகத்திற் பூசிக்கொண்டு, கண்ணாடி முன் விழியை உருட்டிப் பல்லைக் காட்டிப் பழகுகின்றான். நம்மவர் பலரை அங்கே காணலாம். பிறகு அம்மாணவர் யாவரும் நடித்துக்காட்டியபோது ஆசிரியர் என்ன செய்தார்? நீண்ட குற்றப்பட்டியல் படிப்பதற்கு முன், அத்தனை பேர் நடித்தவற்றுள்ளும் உண்மையாயிருந்தவை இரண்டு கணங்களே என்று எடுத்துக்காட்டினார். ஒரு மாணவி மாடிப்படியில் உருண்டு வந்து உதவி கேட்டுக் கதறியது ஒன்று. ஒதெல்லோவானவன் குருதி வேண்டுமென்று இயாகோவிடம் அலறியது மற்றொன்று. உண்மையான கணம் இது என்று ஒருவர் காட்டினாலன்றி நடித்தவனுக்கே அது தெரியாது. தெரியாதபோது மறுநாள் அதனை அவன் எங்கே சென்று தேடுவான்? நம் ஒத்திகைகளிலோ நாற்பது நிமிடம் குற்றம் கூறிவிட்டு, மற்றவையெல்லாம் சரி என்று எழுந்துவிடுகின்றோம். அந்த 'மற்றவை' எவை என்பதே அவனுக்கு வேண்டிய செய்தி.

பலரும் ஒரே நேரத்திற் பேசுதலும் ஒரு பெருங்கேடு. ஐவர் ஐந்து கருத்துக் கூற, மறுநாள் நடிகன் ஐந்தையும் கலந்து ஆறாவதொன்றைச் செய்வதை ஏட்டுடன் நிற்கும் நான் கண்டிருக்கின்றேன். நாடகத்தை முழுதும் படியாதவர்க்கு ஒத்திகை அறையில் நாவில்லை என்று ஒரு விதி செய்தல் நலம். அவர் பார்க்கட்டும், எங்கே சலித்தது, எங்கே விளங்கவில்லை என்பதை மட்டும் சொல்லட்டும். அதுவும் பெரிதும் பயன்படும் செய்தியே. காரணத்தை ஆராய்தல் படித்தவர் வேலை. உருவம், நிறம், பிறந்த ஊர், பேச்சு இவற்றைப் பற்றிய நகையாட்டை ஆசிரியர் முதல் நாளிலேயே தடுத்துவிடல் வேண்டும். நான்காம் நாளில் தடுத்துப் பயனில்லை, ஏனெனில் எல்லா விடுதியிலும் தேடிச் சென்று அழைத்துவருவார் இருப்பதில்லை.

மாணவியர் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முற்காலத்துச் சபைகளிற் பெண் வேடத்தை ஆடவரே தாங்கினர்; சுகுண விலாச சபையின் ரங்கவடிவேலு அதில் மிக்க பெயர் பெற்றவர். இப்போது மாணவியரே மேடையேறுகின்றனர். எனினும் அவர்க்குக் கொடுக்கப்படும் பாத்திரங்கள் அழுவதற்கும் ஆசி கூறுவதற்குமே அமைந்துள்ளன. மெய்ப்பாடு எட்டனுள் பெருமிதத்துக்குக் கல்வியும் தறுகண்மையும் புகழும் கொடையும் காரணம் என்று தொல்காப்பியர் கூறியிருக்க, நம் நாடகாசிரியர் அவ்வெட்டில் ஒன்றை மட்டுமே பெண் பாத்திரத்துக்கு ஒதுக்குவது ஏன்? இஃது ஒத்திகையால் தீரும் குறையன்று. நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தீர்க்கவேண்டியது.

கல்லூரித் தலைவரிடமும் ஆசிரியரிடமும் மாணாக்கர் சார்பில் வேண்டுவன சில உள. ஆண்டு விழா நாடகத்தை ஆடித் திங்களிலேயே தேர்ந்துவிடுக. முதன்மூன்று வாரம் எவரும் எழுந்து நில்லாது, வட்டமாக அமர்ந்து படித்தலும் வினவுதலுமே நடைபெறுக. தமிழ்த்துறை ஆசிரியரொருவர் வாரம் ஒருமுறையேனும் அமர்க. சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்றாள். ஆடல், இசை, பாட்டு, முழவு, குழல், யாழ் என்று தனித்தனி ஆசான்மார் அவளுக்கு இருந்தனர். நாம் ஏழாண்டு கேட்கவில்லை. நான்கு திங்கள் கேட்கின்றோம். அறையொன்றும் வேண்டும். இப்பொழுது விடுதி உணவுக் கூடத்தில், தட்டுக் கழுவும் ஓசைக்கிடையே பேதுரு அழவேண்டியிருக்கின்றது. நகரத்து மண்டபங்களை நாம் விழையவில்லை. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த பூ. ச. குமாரசாமி ராஜா இராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தார். நமக்கு வீடு வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்குமேற் பூட்டிக்கிடக்கும் வகுப்பறை ஒன்றின் திறவுகோல் போதும்.

அடுத்த ஆண்டுக்கு மனோன்மணீயத்தின் சில காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு நடக்கின்றது. 1891இல் வெளிவந்த அந்நூல் படிப்பதற்கேயன்றி நடிப்பதற்கன்று என்று சிலர் கூறுகின்றனர். சிறப்பு வகுப்பில் அதனை வரிவரியாகப் படித்துள்ளோம். எனினும் குடிலன் ஜீவகனின் முன் பணிந்து நிற்கும்போது அவன் உள்ளத்தில் நகை எழுமாயின், அந்நகை எள்ளலா, அரசனின் பேதைமை கண்டு எழுந்ததா என்று வகுப்பில் எவரும் கேட்டதில்லை. குடிலனாக நடிக்க முன்வந்திருப்பவர் எங்கள் பழைய பேதுருவே. அவர் அக்கேள்வியை இப்பொழுதே கேட்கத் தொடங்கிவிட்டார். எங்களுள் இன்னும் ஒருமித்த விடை பிறக்கவில்லை.